பெயர் தெரியாத மீனைக் காப்பாற்ற முடியுமா?



பிறப்புரிமையியல் அலகைப் படிக்கும்போது, "இதெல்லாம் எதற்குப் பயன்படும்?" என்று உங்களிற் பலர் கேட்பதுண்டு. ஒரு நன்னீர் மீனின் வரலாறு அதற்கு விடை தருகின்றது.

மன்னார் கட்டுக்கரைக்குளத்தில் வலை வீசினால் விராலும் அகப்படும், திலாப்பியாவும் அகப்படும். விரால் எமது நீர்நிலைகளுக்கே உரியது. திலாப்பியா 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. இவ்விரண்டையும் பார்த்தவுடனே பிரித்தறியலாம். ஆனால் உள்ளூர் மீனும் வந்த மீனும் ஒரே சாயலில் இருந்தால் என்ன நடக்கும்? பாக்குநீரிணைக்கு அப்பால், இந்தியாவின் காவிரியாற்றில் இதுவே நடந்தது.

காவிரியில் கூன்முதுகு மாசீர் என்னும் பெரிய கெண்டை வகை மீன் வாழ்கின்றது. அதன் செட்டைகள் செம்மஞ்சள் நிறமானவை. 1946இல் காவிரியின் கிளையாறான கபினியில் 120 இறாத்தல் (ஏறத்தாழ 54 கிலோகிராம்) நிறையுடைய மீன் ஒன்று பிடிபட்டது. தூண்டிற்காரர் நெடுங்காலமாக இம்மீனை அறிந்திருந்தும், அதன் விஞ்ஞானப் பெயர் உறுதியாகாமலே இருந்தது.

1970கள் முதல், மாசீரைப் பெருக்கும் நோக்குடன், மகாராஷ்டிர மாநிலத்தின் லோனாவ்லாவில் பொரிக்கவைத்த நீலச்செட்டை மாசீர்க் குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன. நோக்கம் நல்லதே. ஆயினும் அது வேறோர் இனம். வந்த மீன் பெருகியது, உரிய மீன் அருகியது. "ஆற்றில் மாசீர் உண்டு" என்று எண்ணியவர்களுக்கு இழப்புத் தெரியவில்லை. பெயர் உறுதியாகாத இனத்தைச் செம்பட்டியலிற் சேர்க்கவும் வழியில்லை.

2018இல் ஆய்வாளர்கள் இம்மயக்கத்தைத் தீர்த்தனர். தமிழ்நாட்டின் மோயாற்றிலிருந்து பெற்ற கூன்முதுகு மாசீரை, கேரளத்தின் பாம்பாற்றிலிருந்து முன்னரே விவரிக்கப்பட்ட 'டோர் ரெமாதேவியை' என்னும் இனத்துடன் ஒப்பிட்டனர். புறத்தோற்றமும் இழைமணி டி.என்.ஏ.யும் பொருந்தின. இரண்டும் ஒரே இனம். அது காவிரித் தொகுதிக்கு மாத்திரமே உரியது. அதே ஆண்டில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதனை 'மிக ஆபத்தான நிலையிலுள்ள இனம்' எனப் பட்டியலிட்டது.

இத்தகைய ஆய்வின் படிமுறை:

1. மீனின் செட்டையிற் சிறு துண்டை எடுத்து, பிடித்த இடத்தையும் திகதியையும் குறித்தல்.
2. இழையத்திலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, குறித்த ஒரு பகுதியைப் பல மடங்காகப் பெருக்குதல்.
3. அதிலுள்ள ஏ, ரி, ஜி, சி என்னும் நான்கு மூலங்களின் ஒழுங்கை வாசித்து, அறிந்த இனங்களின் ஒழுங்குடன் ஒப்பிடுதல்.

மாணவர் விடும் தவறு ஒன்றையும் கவனியுங்கள். "டி.என்.ஏ. மூலம் மீனின் பரம்பலை அறியலாம்" என்று மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது. டி.என்.ஏ. கூறுவது 'இது எந்த இனம்' என்பதை. 'எங்கே' என்பதைக் கூறுவது இடக்குறிப்பு. இரண்டும் சேர்ந்தாலே பரம்பல் உறுதியாகும்.

பயிற்சி வினா: உங்கள் ஊர்க் குளத்தில் மீன்குஞ்சுகளை விட முன்னர் அறிய வேண்டியவை இரண்டைக் காரணத்துடன் எழுதுக. விடை எழுதும்போது காவிரி மீனை நினைவிற் கொள்ளுங்கள்.