களியக்காவிளைக்கு ஒரு பார்சல்

பாறசாலையின் பின்கோடு 695502. களியக்காவிளையின் பின்கோடு 629153. நடுவில் மூன்று நான்கு கிலோமீட்டர்தான். பஸ்ஸில் டிக்கெட் எடுத்து மீதிச் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும்.

பாறசாலையில் இருக்கும் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, வீட்டு அடுப்பில் ஏத்தங்காய் சிப்ஸ் வறுத்து வாட்ஸ்ஆப்பில் படம் போட்டு விற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். காசர்கோட்டிலிருந்து ஆர்டர் வருகிறது. கிட்டத்தட்ட அறுநூறு கிலோமீட்டர். தாராளமாக அனுப்பலாம், ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. அதே நாளில் களியக்காவிளையில் குடியிருக்கும் அத்தை, அக்கம்பக்கத்தாருக்கும் சேர்த்து இரண்டு கிலோ கேட்கிறாள். அதைப் பார்சல் கட்டி அனுப்பிக் காசு வாங்கினால், அந்த முதல் பொட்டலத்துக்கே ஜிஎஸ்டி பதிவு வேண்டும். இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. மாநிலம் தாண்டிப் பொருள் விற்றால் விற்பனை எவ்வளவு சிறியதானாலும் பதிவு கட்டாயம் என்கிறது சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 24-வது பிரிவு.

அத்தையே பாறசாலைக்கு வந்து பையில் போட்டுக்கொண்டு போனால் சிக்கலில்லை. பில்லில் வெளிமாநில முகவரி எழுதாமல் கையில் கொடுத்த சரக்கு, கேரளத்துக்குள் நடந்த வியாபாரமாகத்தான் கணக்காகும். பல தலைமுறைகளாக இந்த ஊர்களின் சந்தை இப்படித்தான் நடந்திருக்கிறது. கேரளப் பக்கத்து இஞ்சிவிளைக்காரர் களியக்காவிளையில் மீன் வாங்குவதும், களியக்காவிளைக்காரர் பாறசாலையில் துணி வாங்குவதும் யாருக்கும் மாநிலங்களுக்கு இடையிலான வணிகமாகத் தெரிவதில்லை. வியாபாரம் போனுக்குள் நுழைந்த பிறகுதான் எல்லைக்கோடு வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது.

கையில் ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாயோடு முதல் இணைய வியாபாரத்தைத் தொடங்கப்போகும் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் அறிவுரையெல்லாம் முதலீடு, விளம்பரம், லோகோ என்றே ஓடுகிறது. பாறசாலை, செங்கல், காரோடு, தனுவச்சபுரம், வெள்ளறடை பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது வேறு. எவ்வளவு பணம் போடலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், எதை விற்கப்போகிறாய் என்பதை முடிவு செய். எல்லையைச் சும்மா தாண்டக்கூடியவை சில உண்டு. தாண்ட முடியாதவை சில உண்டு. கைமுதல் குறைந்தவருக்கு லாபநட்டத்தைத் தீர்மானிப்பது அந்த வேறுபாடுதான்.

இந்த எல்லைக்கோடு 1956 நவம்பர் 1-ஆம் தேதி இங்கே வந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கச் சொல்லி நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில், பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரையும் இருந்தது. அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. உறவும் கோயிலும் தேவாலயமும் இரு பக்கமுமாகப் பிரிந்துகிடந்தன. அமரவிளைச் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசையாக நின்ற காலத்தை இந்தப் பக்கத்தில் நடுத்தர வயதைத் தாண்டிய எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சோதனைச்சாவடிகளின் வேலை முடிந்தது. பெரிய வியாபாரியின் லாரி நிற்காமல் போகிறது. சிப்ஸ் பொட்டலம் நிற்கிறது.

பதிவு எடுத்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது; வீட்டு முகவரியிலேயே எடுக்கலாம். சிக்கலில்லாத சிறு விண்ணப்பங்களுக்கு மூன்று வேலை நாட்களில் பதிவு கொடுக்கும் எளிய முறையும் 2025 நவம்பரில் தொடங்கியது. பாரம் அதற்குப் பிறகுதான் ஏறுகிறது. பதிவு எண் கிடைத்த நாளிலிருந்து 40 லட்சம் என்ற சலுகை போய்விடும். களியக்காவிளைக்கு அனுப்பும் பொட்டலத்துக்கு மட்டுமில்லை, பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கும் பொட்டலத்துக்கும் வரி சேர்த்துத்தான் பில் போட வேண்டும். ஒன்றுமே விற்காத மாதத்துக்கும் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால், வியாபாரமே நடக்காத ரிட்டர்னுக்குக்கூட ஒரு நாளைக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் வசதி உண்டு; ஆனாலும் கணக்கு எழுதத் தெரிந்த ஒருவருக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். சிறு வியாபாரிகளுக்கென்று இருக்கும் தொகுப்பு வரித் திட்டத்தில் சேர்ந்து தப்பிக்கலாமா என்றால், மாநிலம் தாண்டிப் பொருள் விற்பவர்களுக்கு அதில் இடமில்லை. மாதம் மூவாயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கும் ஒரு கல்லூரிப் பெண்ணால் இதைத் தூக்கிச் சுமக்க முடியுமா? பலர் இந்த இடத்தில் ஒன்று நின்றுவிடுகிறார்கள், அல்லது விதியே தெரியாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டுமே எனக்கு வருத்தம் தருகின்றன.

எல்லைக்கோட்டைச் சும்மா தாண்டுபவை எவை?

முதலாவது, பச்சையாக விளைவது. வரியே இல்லாத பொருளை மட்டும் விற்பவருக்கு எந்த மாநிலத்துக்கு அனுப்பினாலும் பதிவு வேண்டாம். செந்துளுவன் பழம், தேங்காய், விதை, செடி எல்லாம் இதில் அடக்கம். இவற்றில் செடியைத்தான் நான் முதலில் வைப்பேன். நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஈரக்காற்றில் குரோட்டன்ஸ், மணிபிளாண்ட், செம்பருத்தி எல்லாம் குச்சியை ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும். வேர்விட்ட கன்றைத் தொட்டியிலிருந்து எடுத்து, மண்ணை உதறி, நனைத்துப் பிழிந்த தென்னைநார்த் துகளை வேரைச் சுற்றி வைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி நூலால் கட்ட வேண்டும். இலைகளைச் செய்தித்தாளில் சுருட்டி, பக்கவாட்டில் துளையிட்ட அட்டைப்பெட்டியில் ஆடாமல் நிறுத்த வேண்டும். தண்ணீர் அதிகமானால் வழியிலேயே அழுகும், குறைந்தால் வாடும். பிழிந்த பின் கையில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. வாரத் தொடக்கத்தில் அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை குடோனில் கிடக்காது. இதற்கு ஆகும் செலவு பெட்டியும் தபாலும்தான். ஒரு எச்சரிக்கை: செடியோடு வரி உள்ள தொட்டியையோ அலங்காரச் சாமானையோ சேர்த்து விற்றால் சலுகை போய்விடும்.

கருப்பட்டிக்கும் இதே நுணுக்கம் உண்டு. விளவங்கோட்டிலும் நெய்யாற்றின்கரையிலும் அக்கானி (பதநீர்) காய்ச்சிய வீடுகள் இன்னும் இருக்கின்றன. சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் வரியில்லை. பொட்டலம் போட்டுப் பெயர் ஒட்டினால் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம். இணையத்தில் பெயர் ஒட்டாத பொட்டலத்தை யார் நம்பி வாங்குவார்கள்?

இரண்டாவது, கைவினை. பாலராமபுரம் நெய்யாற்றின்கரைத் தாலுகாவில்தான் இருக்கிறது. 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவந்து குடியமர்த்தப்பட்ட சாலியர்களின் தெருக்களில் இன்றும் குழித்தறி ஓடுகிறது. அந்தக் கசவு முண்டுக்கும் நேரியதுக்கும் புவிசார் குறியீடு உண்டு. கைவினைப் பொருட்களின் அரசுப் பட்டியலில் கைத்தறித் துணி இருப்பதால், 20 லட்சம் ரூபாய் வரை பதிவில்லாமலே வெளிமாநிலத்துக்கு விற்கலாம். பான் அட்டை வேண்டும். தொகை எவ்வளவு சிறிதானாலும், சரக்கோடு போகவேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் எடுக்க வேண்டும். நெசவு வீட்டுப் பிள்ளை ஒருவன் தறியில் நூல் ஏறுவதையும் அப்பாவின் கால் மிதியை மிதிப்பதையும் போனில் படமெடுத்துப் போட்டு, நாகர்கோவிலுக்கும் சென்னைக்கும் நேராக அனுப்ப இன்றைக்கே வழி இருக்கிறது. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்ற பெயரில் மட்டும் விற்கக் கூடாது. அது சட்டப்படிக் குற்றம், நெய்கிறவன் வயிற்றிலும் அடி.

மூன்றாவது, சேவை. கையில் பணமே இல்லாதவர்களுக்கு இதுதான் வாசல். பொருளுக்கு இருக்கும் கட்டாயம் சேவைக்கு இல்லை. 2017 அக்டோபரிலேயே, ஆண்டுக்கு 20 லட்சம் வரை வெளிமாநிலத்துக்குச் சேவை விற்பவருக்குப் பதிவிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். எல்லைக் கிராமத்துப் பிள்ளைகளிடம் சென்னையிலோ கொச்சியிலோ எளிதில் கிடைக்காத ஒன்று இருக்கிறது: வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், சந்தையில் இரண்டும். மலையாள வீடியோவுக்குத் தமிழ் சப்டைட்டில், தமிழ்க் கடையின் விளம்பரத்துக்கு மலையாளக் குரல், மார்த்தாண்டத்தில் படிக்கும் பிள்ளைக்கு மலையாள டியூஷன், திருவனந்தபுரத்துக்கு வேலைக்கு வந்தவருக்குப் பேச்சு மலையாளம். இவற்றுக்கெல்லாம் ஒரு போனும் இணைப்பும் அமைதியான ஒரு அறையும் போதும். விற்காத சரக்கு மூலையில் கிடக்காது. முதல் ஆர்டர் தப்பிப்போனாலும் உழைப்பு போகுமே தவிர கடன் நிற்காது.

சிறு வயதில் இணையத்தில் கால் ஊன்றியவர்களின் கதைகளும் இதையே சொல்கின்றன. கோழிக்கோட்டின் ஸ்ரீலட்சுமி சுரேஷ் எட்டு வயதில் தான் படித்த பள்ளிக்கு இணையதளம் செய்தார். 2007-இல் அதை அப்போதைய அமைச்சர் பினோய் விஸ்வம் தொடங்கிவைத்தார். அடுத்தடுத்து நிறுவனங்களுக்குத் தளம் செய்துகொடுத்ததுதான் அவருடைய தொழிலாயிற்று. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தின் இளைஞர்கள், தாத்தா பெரியதம்பியை முன்னிறுத்தி 2018-இல் வில்லேஜ் குக்கிங் சேனலைத் தொடங்கினார்கள். 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் அதுதான். அந்த வருமானத்திலிருந்து முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். வயல், விறகு, அண்டா எல்லாம் ஊரிலேயே இருந்தவை. அவர்கள் சமைத்த சோற்றைப் பார்சல் அனுப்பவில்லை, சமைப்பதைக் காட்டினார்கள். பாறசாலைப் பிள்ளை கவனிக்க வேண்டியது இது. ஏத்தங்காய் சிப்ஸ் கோட்டில் நிற்கும். சிப்ஸ் வறுக்கும் வீடியோ நிற்காது.

வயது பற்றியும் சொல்ல வேண்டும். பதினெட்டு நிறையாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903-இலேயே தீர்ப்பு உண்டு. அதனால் பள்ளிப் பிள்ளையின் வியாபாரம் அம்மா அல்லது அப்பா பெயரில்தான் நடக்க வேண்டும். பதினெட்டு நிறைந்தவுடன், சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு செய்துகொள்ளலாம். 2020 ஜூலையிலிருந்து நடப்பது, முழுக்க இலவசம். இதற்குக் கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். தின்பண்டம் விற்பவர்களுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் அடிப்படைப் பதிவு அவசியம், ஆண்டுக்கு 100 ரூபாய். பொட்டலத்தில் பெயர், முகவரி, எடை, விலை, தயாரித்த தேதி, புகார் சொல்ல ஒரு போன் எண் இருக்க வேண்டும். கேரளத்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஓர் ஒப்புகைச் சான்று வாங்கிவிட்டால், சிறு தொழிலை மாநில அரசின் மற்ற உரிமங்களுக்குக் காத்திராமல் மூன்று ஆண்டு நடத்தலாம். மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் சிசு பிரிவுக் கடன் 50,000 ரூபாய் வரை கிடைக்கும். ஆனால் முதல் இருபது வாடிக்கையாளர்கள் திரும்ப வாங்கும் வரை கடன் வேண்டாம் என்பதே என் கருத்து.

இன்னொன்றை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. “இணையத்தில் பார்ட் டைம், ஒன்றும் செய்ய வேண்டாம், உன் வங்கிக் கணக்கை மட்டும் கொடு, கமிஷன் தருகிறோம்” என்று வருகிறவர்கள் மோசடிப் பணத்தை உங்கள் கணக்கு வழியாகக் கடத்துகிறார்கள். கணக்கைக் கொடுத்த பிள்ளைதான் போலீஸ் நிலையத்தில் நிற்கும். ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, மாறவேண்டிய விதி. பெரிய விற்பனைத் தளங்கள் வழியாகச் சின்ன வியாபாரிகள் பதிவில்லாமல் விற்கலாம் என்று 2023 அக்டோபர் 1-ஆம் தேதி கதவைத் திறந்தார்கள். அதுவும் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். சேவைக்கு 20 லட்சம் விலக்கு உண்டு, கைத்தறிக்கு உண்டு, வீட்டு அடுப்பில் வறுத்ததற்கு மட்டும் இல்லை. இதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்? பொருளின்மேல் வரி போட வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. 20 லட்சத்துக்குள் விற்கும் வீட்டுத் தயாரிப்பாளர் ஒருவர், பான் எண்ணைக் காட்டி, பதிவில்லாமலே எல்லைக்கு அப்பால் அனுப்பட்டும் என்பதுதான் கோரிக்கை. சட்டத்தில் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை; கைவினைக்குப் போட்ட அறிவிக்கையில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஜிஎஸ்டி கவுன்சிலில் கேரளத்துக்கும் நாற்காலி இருக்கிறது, தமிழ்நாட்டுக்கும் நாற்காலி இருக்கிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரை, விளவங்கோடு சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் ஒரே மனுவில் கையெழுத்திட்டு, இரு மாநில நிதி அமைச்சர்களிடமும் கொடுக்க வேண்டும். அடுத்த கவுன்சில் கூட்டத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும்.