பாங்கியில் போட்ட பணம் ‘அபேஸ்’!
திருடன் வரலே... பிடித்தது பாங்கிதான்!

துறையூர்,-
கொல்லிமலை அடிவாரத்தில் உள்ளது புளியஞ்சோலை. ஐயாற்றில் குளிக்க வெளியூர்க் கூட்டம் வரும் இடம். உள்ளூர்க்காரர்களில் கூலி வேலைக்குப் போகிறவர்கள் பலர். பாங்கி வேலை என்றால் அவர்கள் உப்பிலியபுரம், துறையூர் என்று பஸ் ஏற வேண்டும். அன்றைய கூலி போச்சு. பஸ் சார்ஜ் வேறே!

அப்படிப் போய் நின்றால், கணக்கில் இருந்த பணத்தில் ஒரு பகுதியைக் காணோம். திருடு போகவில்லை. “மினிமம் பேலன்ஸ் இல்லேம்மா, பிடிச்சிருக்கு” என்று பதில் வருகிறது. தமிழ்நாடு முழுக்க பாங்கிகளில் கேட்ட பதில்தான் இது.

ஆயிரத்திலும் கை!

2023 செப்டம்பர் 15-ந் தேதி மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் தொடங்கியது. பெண்களின் கணக்கில் ரூ.1,000 விழுந்தது. விழுந்த வேகத்தில் சில பாங்கிகள் பழைய கட்டண பாக்கிக்கு அதைப் பிடித்துக் கொண்டன. குடும்பத்துக்கு வந்த பணம் கைக்கே வரவில்லை!

புகார்கள் குவிந்தன. நிதி அமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட்டார். இந்தப் பணத்தில் பிடித்தம் செய்யக் கூடாது, செய்தால் 1100 எண்ணில் புகார் கொடுங்கள் என்றார்.

இது சில்லறை விவகாரம் அல்ல. 2019-20 முதல் 2023-24 வரை 5 ஆண்டுகளில், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பொதுத்துறை பாங்கிகள் வசூலித்த அபராதம் ரூ.8 ஆயிரத்து 495 கோடி! நாடாளுமன்றத்தில் மத்திய அரசே சொன்ன கணக்கு. இருப்பவனுக்கு அபராதம் இல்லை, இல்லாதவனுக்குத்தான். நல்ல நியாயம்!

ஸ்டேட் பாங்கி 2020-ல் இந்த அபராதத்தை விட்டது. கனரா பாங்கி, இந்தியன் பாங்கி உள்ளிட்டவை 2025-ல் கைவிட்டன. எல்லா பாங்கிகளும் விட்டுவிடவில்லை. குறிப்பாக தனியார் பாங்கியில் கணக்கு வைத்திருப்போர் உஷார்!

மானேஜரிடம் கேளுங்க

‘அடிப்படை சேமிப்புக் கணக்கு’ என்று ஒன்று உண்டு. எல்லா பாங்கிகளும் இதைத் தர வேண்டும் என்று 2012-லேயே ரிசர்வ் பாங்கி உத்தரவு போட்டது. இதில் ஒரு பைசா இல்லாவிட்டாலும் அபராதம் கிடையாது. ஏ.டி.எம். கார்டு இலவசம். மாதம் 4 முறையாவது காசு கொடுக்காமல் பணம் எடுக்கலாம்.

பழைய கணக்கையே இப்படி மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அதே பாங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது. கவுண்டரில் இதை யாரும் வலியக் கூப்பிட்டுச் சொல்வதில்லை. கேட்டால்தான் கிடைக்கும்.

சாதாரணக் கணக்கிலும் பாங்கி இஷ்டத்துக்குப் பிடிக்க முடியாது. இருப்பு குறைந்தால் முதலில் தகவல் சொல்ல வேண்டும், சரி செய்ய ஒரு மாதமாவது தர வேண்டும். அபராதம் போட்டே கணக்கை ‘மைனஸ்’ ஆக்கக் கூடாது. 2 வருடம் வரவு செலவு இல்லாமல் முடங்கிய கணக்கில் இந்த அபராதமே போடக் கூடாது. இந்தக் கடைசி உத்தரவு 2024 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது.

ஏ.டி.எம்.மில் ரூ.27

சொந்த பாங்கி ஏ.டி.எம்.மில் மாதம் 5 தடவை இலவசம். மற்ற பாங்கி ஏ.டி.எம்.மில் சென்னை போன்ற பெருநகரங்களில் 3, மற்ற ஊர்களில் 5. அதைத் தாண்டினால் 2025 மே முதல் தடவைக்கு ரூ.23 வரை பிடிக்கலாம். வரியோடு ரூ.27 ஆகிறது.

“எவ்வளவு இருக்கு பார்ப்போம்” என்று அடுத்த பாங்கி மெஷினில் கார்டைச் செருகினாலும் ஒரு தடவை கணக்குதான். சொந்த பாங்கி மெஷினில் பார்த்தால் கணக்கில் சேராது. மெஷின் கோளாறால் பணம் வராவிட்டாலும் சேராது. கணக்கில் பணம் இல்லாமல் எடுக்கப் போனால் மட்டும், பல பாங்கிகள் அதற்கும் தனியாகத் தீட்டுகின்றன!

தவறாகப் பிடித்திருந்தால் முதலில் கிளையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் பாங்கி குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. விவரம் கேட்க வேண்டிய டெலிபோன் எண்: 14448.