அவசரமில்லாத கிருமி

முறிகண்டியில் வாகனத்தை நிறுத்திப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறவர்களில், அவருடைய வாகனமான எலியை நின்று பார்க்கிறவர்கள் குறைவு. அத்தனை பெரிய உடம்பை அந்தச் சின்ன முதுகு சுமக்கிறது என்பது நமக்குப் பழகிப்போன அதிசயம். மனிதனின் மிகப் பழைய நோய்களில் ஒன்றான தொழுநோயை ஆய்வுகூடத்துக்குள் முதன்முதலில் உருப்படியாகச் சுமந்து வந்ததும் ஓர் எலிதான். முதுகில் அல்ல, உள்ளங்காலில்.

தொழுநோய்க் கிருமியை நோர்வே நாட்டின் பேர்கன் நகரில் அர்மவர் ஹன்சன் 1873 இல் கண்டார். ஒரு மனித நோயோடு தொடர்புபடுத்தப்பட்ட முதல் பற்றீரியாக்களில் அதுவும் ஒன்று. ஆனால் கண்டதோடு சரி, வளர்க்க முடியவில்லை. ஆய்வுகூடத்துக் கண்ணாடித் தட்டில் எந்த உணவை வைத்தாலும் அது வளராது, இன்றுவரைக்கும் வளரவில்லை. ஹன்சனும் பொறுமை இழந்தார். 1879 இல் ஒரு பெண் நோயாளியின் கண்ணில், அவருடைய சம்மதம் கேளாமல், நோய்ப்பொருளைச் செலுத்தினார். வழக்கு வந்தது, 1880 இல் வைத்தியசாலைப் பதவி போனது. பெரிய மனிதர்களின் வரலாற்றில் இப்படிப்பட்ட பக்கங்களைக் கிழித்துவிட்டுப் படிப்பது நல்லதல்ல.

இந்தக் கிருமிக்கு அவசரமே கிடையாது. நம் குடலில் வாழும் சில பற்றீரியாக்கள் வசதி கிடைத்தால் இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ ஒரு நாள் வேண்டும். தொழுநோய்க் கிருமிக்கோ இரண்டு கிழமை வரை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் மூன்றரை மாத நெல்லை விதைத்து அறுத்துச் சூடடித்து முடிக்கிற காலத்தில், அது எட்டுத் தடவைதான் இரட்டித்திருக்கும். உடம்புக்குள் புகுந்து ஐந்து வருடம், சிலருக்கு இருபது வருடம் கழித்துத்தான் தோலில் உணர்ச்சியற்ற ஒரு தேமலாகத் தலைகாட்டும்.

அதற்குச் சூடும் ஆகாது. நம் உடம்பின் 37 பாகையில் அது சோர்ந்துபோகும். அதனால்தான் காது மடல், மூக்கு, விரல் நுனி, முழங்கையருகே தோலை ஒட்டி ஓடும் நரம்பு என்று குளிர்ந்த இடங்களைத் தேடிப் போய்க் குடியேறுகிறது. அமெரிக்காவில் சார்ள்ஸ் ஷெப்பர்ட் இந்தக் குணத்தைத்தான் பிடித்துக்கொண்டார். எலியின் உடம்பிலும் குளிர்ச்சியான இடம் அதன் உள்ளங்கால். சில ஆயிரம் கிருமிகளை அங்கே செலுத்தி மாதக்கணக்கில் காத்திருந்தார். அவை பெருகின. 1960 இல் அந்த முடிவு வெளியானது.

அந்தச் சின்னப் பாதத்துக்கு நாம் பட்ட கடன் பெரிது. அதுவரை நம்பியிருந்த டாப்சோன் மாத்திரைக்குக் கிருமி மசியாமல் போகிறது என்பதை 1964 இல் மலேசிய நோயாளிகளின் கிருமியை எலியின் பாதத்தில் வளர்த்துத்தான் உறுதிசெய்தார்கள். வேலூருக்கு அருகே கரிகிரியிலும் இதே சோதனை நடந்தது. ஒற்றை மருந்து போதாது என்ற அறிவு இப்படிச் சேர்ந்த பிறகுதான், பல மருந்துகளை ஒன்றாகக் கொடுக்கும் சிகிச்சையை 1981 இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு பரிந்துரைத்தது. இலங்கைக்கு அது 1983 இல் வந்தது. ஒரு காலத்தில் ஹெந்தளைக்கும் மட்டக்களப்பு மாந்தீவுக்கும் அனுப்பி ஒதுக்கி வைத்த நோய்க்கு, இன்று ஆறு மாதமோ ஒரு வருடமோ வீட்டிலிருந்தபடி மாத்திரை விழுங்கினால் போதும், அதுவும் காசில்லாமல். ஆனாலும் இலங்கையில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளிகள் அடையாளம் காணப்படுகிறார்கள். வன்னியில் தேமலை மறைத்துக்கொண்டு திரிகிறவர்களுக்கு மாத்திரையைவிட அயலவரின் வாய்க்குத்தான் பயம்.

எலியின் பாதத்தில் கிடைப்பது கொஞ்சம். ஆராய்ச்சிக்கு நிறையக் கிருமி வேண்டும். அதற்கு விடை ஆர்மடில்லோ என்ற விலங்கிடம் இருந்தது.

வன்னிக் காட்டில் இரவில் கறையான் புற்றைக் கிளறும் அழுங்கைக் கண்டவர்களுக்கு ஆர்மடில்லோவின் உருவம் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் இரண்டும் உறவில்லை. அழுங்கின் செதில் நகத்தின் பொருளால் ஆனது, ஆர்மடில்லோவின் கவசமோ தோலுக்குள் விளைந்த எலும்பு. அழுங்கு ஆபத்து வந்தால் பந்தாகச் சுருளும். ஒன்பது பட்டை ஆர்மடில்லோவுக்கு அது முடியாது, துள்ளிக் குதித்து ஓடும். அதன் உடம்புச் சூடு 32 முதல் 35 பாகை வரைதான். முழு உடம்பும் ஓர் எலியின் பாதம்போல! இன்னொரு விசித்திரமும் உண்டு. கருவுற்ற முட்டை மூன்று நான்கு மாதம் கருப்பையில் ஒட்டாமல் மிதந்து, பின் ஒட்டி, நான்காகப் பிரிந்து, அச்சு மாறாத நான்கு குட்டிகளாகப் பிறக்கும். மரபில் வேறுபாடில்லாத நான்கு உயிர்களை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வாய்ப்பான விலங்கு கிடைக்காது. எலினோர் ஸ்டோர்ஸ் அந்த நாற்குட்டிகளைப் படித்துக்கொண்டிருந்தவர். அவரும் வால்டிமார் கிர்ச்ஹைமரும் லூசியானாவில் 1971 இல் ஆர்மடில்லோவின் உடம்பில் தொழுநோயை வளர்த்துக் காட்டினார்கள். ஈரலில் ஒரு கிராமுக்கு நூறு கோடிக்கு மேற்பட்ட கிருமிகள் தேறின.

குளிர்ந்த உடம்பும், நீண்ட ஆயுளும், நான்கு ஒத்த குட்டிகளும் ஒரே பிராணியில் வந்து கூடியதைத் தற்செயல் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அதற்காக, அந்தப் பிராணி கூண்டில் பட்டதை இறைவனின் விளையாட்டு என்று சொல்லி மூடிவிடவும் மனம் ஒப்பவில்லை.

அந்தப் பிராணிக்கு இந்த நோயைக் கொடுத்ததும் நாம்தான். ஐரோப்பியர் வருமுன் அமெரிக்கக் கண்டத்தில் இந்தக் கிருமி இருந்ததற்குச் சான்று இல்லை. 1975 அளவில் லூசியானாவின் காட்டு ஆர்மடில்லோக்களில் நோய் கண்டார்கள். அங்கிருந்து அது மீண்டும் மனிதரைத் தொட்டிருக்கிறது என்பதை 2011 இல் மரபணுச் சோதனை காட்டியது. இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவுச் செவ்வணில்களில் மத்தியகாலத்து இங்கிலாந்து நோயாளிகளின் கிருமிக்கு நெருங்கிய வகை இன்னும் வாழ்வதை 2016 இல் கண்டார்கள்.

பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் ஸ்டுவர்ட் கோலும் குழுவினரும் இந்தக் கிருமியின் மரபணுத் தொகுதியை 2001 இல் முழுமையாக வாசித்தார்கள். வாசித்த கிருமியின் பெயர் 'டி.என்.' தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடம் எடுத்து ஆர்மடில்லோவில் பெருக்கியது. வேலை செய்யும் மரபணுக்கள் சுமார் 1,600. செத்துப்போய்க் கிடப்பவை 1,100க்கு மேல். உறவினனான காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ 4,000 மரபணுக்கள் இருக்கும்போது, இது தன் சொத்தில் பெரும்பகுதியைக் கைவிட்டுவிட்டு மற்ற உயிரின் கலத்துக்குள் ஒதுங்கியிருக்கிறது. கண்ணாடித் தட்டில் அது ஏன் வளர மறுத்தது என்பதற்கு இங்கே ஓரளவு விளக்கம் கிடைத்தது.

எடின்பரோவில் அனுர ரம்புக்கனவின் குழு 2022 இல் வெளியிட்ட செய்தியை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். நோயுற்ற ஆர்மடில்லோக்களின் ஈரல் பெருத்திருந்தது. வீக்கமல்ல, கட்டியுமல்ல, தழும்புமில்லை. குருதிக் குழாய்களும் பித்தக் குழாய்களும் ஒழுங்காக அமைந்து, செம்மையாக வேலை செய்யும் ஈரல், அளவில் மட்டும் கூடியது. தனக்குக் குடியிருக்க இடம் வேண்டும் என்று கிருமி அந்த முதிர்ந்த உறுப்பை மீண்டும் இளமைக்குத் திருப்பி வளர வைத்திருக்கிறது. ஈரல் கெட்டு, மாற்று ஈரலுக்குக் காத்துக் கிடக்கிறவர்களுக்காக அந்தக் கட்டளை என்னவென்று இப்போது தேடுகிறார்கள். இத்தனை மரபணுக்களைக் கைவிட்ட கிருமி, அதை மட்டும் கைவிடாமல் வைத்திருக்கிறது.