சேர்ந்து படிக்க ஒரு சரித்திர நாவல்

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

சனிக்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணிக்கு நம் பள்ளி நூலகத்தின் பின்புற மேசையைச் சுற்றிப் பன்னிரண்டு மாணவியர் கூடுவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். “அங்கே என்னதான் அக்கா செய்கிறீர்கள்?” என்று சிறிய வகுப்புத் தங்கைமார் கேட்பதுண்டு. நாங்கள் கதை படிக்கிறோம். அதுவும் சரித்திரக் கதை. ஒரே நாவலைப் பன்னிருவரும் ஒரே வேகத்தில் படித்து, வாரம் ஒரு முறை கூடிப் பேசுவதுதான் எங்கள் வாசகர் வட்டத்தின் வேலை. படிப்பது எளிது, எதைப் படிப்பது என்று தேர்ந்தெடுப்பதுதான் கடினம் என்பதை இரண்டு ஆண்டுகளில் பட்டு அறிந்துகொண்டோம். அடுத்த ஆண்டு இந்த மேசைக்கு வரவிருக்கும் தங்கைமாருக்காகவும், “பாடப் புத்தகம் இருக்கக் கதைப் புத்தகம் எதற்கு?” என்று கேட்கும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறோம்.

முதலில் நாங்கள் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறோம். சென்ற ஆண்டு வட்டம் தொடங்கியபோது யோசிக்கவே இல்லை. ‘பொன்னியின் செல்வன்’ திரைப்படம் 2022இலும் 2023இலும் இரண்டு பாகங்களாக வந்திருந்தது. எல்லாருக்கும் வந்தியத்தேவனைத் தெரியும். ஆகவே அதையே எடுத்தோம். கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை தம் வார இதழில் தொடர்கதையாக எழுதியது அது. ஐந்து பாகம், 293 அத்தியாயம். தேர்வு, ஆண்டு விழா, விளையாட்டு விழா, விடுமுறை எல்லாம் நீங்கலாக எங்களுக்குக் கிடைத்த சனிக்கிழமைகளோ இருபத்தைந்து. கணக்குப் பாடத்தில் நாங்கள் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் இந்த வகுத்தலை ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை. வாரத்துக்குப் பன்னிரண்டு அத்தியாயம் படித்தால்தான் முடியும். நூலகத்தில் முதல் பாகத்துக்கு மூன்று பிரதிகள் இருந்தன. மூன்றாம் பாகத்துக்கு ஒன்றே ஒன்று. ஆகஸ்டு மாதம் வந்தபோது இருவர் ஐந்தாம் பாகத்தில் இருந்தார்கள், நால்வர் இரண்டாம் பாகத்தில், மற்றவர்கள் வீராணம் ஏரிக்கரையை விட்டே நகரவில்லை. முடித்தவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? ஆதித்த கரிகாலனுக்கு என்ன ஆகிறது என்பதைச் சாப்பாட்டு அறையிலேயே சொல்லிவிட்டார்கள். அத்துடன் பேசுவதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று.

இதிலிருந்து கற்ற முதல் பாடம்: எத்தனை வாரம் இருக்கிறது, எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணிவிட்டே நூலைப் பற்றிப் பேச வேண்டும். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. ஆதலால் பல பதிப்பகங்கள் மலிவு விலையில் வெளியிடுகின்றன, வாங்குவது எளிது. ஆனால் ஒருத்தியின் புத்தகத்தில் நூறாம் பக்கத்தில் இருப்பது இன்னொருத்தியின் புத்தகத்தில் நூற்று நாற்பதில் இருக்கும். எனவே பக்கத்தைச் சொல்லாமல் அத்தியாயத்தைச் சொல்லிப் பங்கிடுங்கள். இது சின்ன விஷயம்தான். எங்களுக்கு இரண்டு சனிக்கிழமைகள் இதனாலேயே வீணாயின.

இரண்டாவது சங்கடம் பெரியது. எங்களில் ஒருத்தியை அவள் அப்பா வட்டத்திலிருந்து நிறுத்திவிட்டார். அவள் குறிப்பேட்டில் ‘நந்தினியின் காதல் உண்மையா, பழியா?’ என்று விவாதத் தலைப்பை எழுதி வைத்திருந்தாள். “உன்னைப் படிக்க அனுப்பினேனா, காதல் கதை பேச அனுப்பினேனா?” என்று கேட்டாராம். அவள் அழுதுகொண்டே வந்து நூலகச் சிஸ்டரிடம் பிரதியைத் திருப்பிக் கொடுத்தாள். எங்களுக்குக் கோபம் வந்தது. ஆனால் சிஸ்டர், “அப்பா கேட்டது நியாயமான கேள்விதானே, பிள்ளைகளே? பதில் இருந்தால் சொல்லுங்கள்” என்றார். பதில் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. இந்த ஆண்டு நூலைத் தேர்ந்தெடுத்ததெல்லாம் அந்தப் பதிலைத் தேடித்தான் என்று சொல்லலாம்.

சரித்திர நாவலில் காதலை நீக்கிவிட முடியாது. தமிழில் முதல் சரித்திர நாவல் எனப்படும் ‘மோகனாங்கி’யை 1895இல் திருகோணமலையைச் சேர்ந்த சரவணமுத்துப் பிள்ளை எழுதினார், அதன் தலைப்பே ஒரு பெண்ணின் பெயர். அதற்குப் பின் வந்தவர்களும் போருக்கு ஒரு கண், காதலுக்கு ஒரு கண் என்றுதான் எழுதினார்கள். ஆகவே காதல் இருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. அந்தக் காதல் கதையில் என்ன வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும் என முடிவு செய்தோம்.

சாண்டில்யன் நாவல்களை வைத்து இதைச் சோதித்தோம். எங்களில் பாதிப் பேருக்கு ‘கடல் புறா’வின் மீது ஆசை. “எங்கள் பாட்டி குமுதத்தில் வாராவாரம் காத்திருந்து படித்ததாம்” என்று ஒருத்தி சான்று கூறினாள். கலிங்கப் போரின் தளபதியான கருணாகரத் தொண்டைமானைக் கதாநாயகனாக்கி, கடாரம், ஸ்ரீவிஜயம் என்று கடல் கடந்து கொண்டுபோகிறார் ஆசிரியர். மரக்கலம், காற்றின் திசை, கடற்போர் இவற்றை அவர் எழுதும் அழகே அழகு. ஆனால் கதாநாயகி வந்து நின்றால் பக்கம் பக்கமாக வர்ணனை. எங்கள் வட்டத்தில் ஒவ்வொரு வாரமும் ஒரு பகுதியை ஒருவர் உரக்க வாசிப்பது வழக்கம். ஒரு பத்தியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னபோது, வாசித்தவள் மூன்றாம் வரியில் இருமத் தொடங்கினாள். நாங்கள் எல்லாரும் மேசைக்கு அடியில் எதையோ தேடினோம். சிஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தனியாகப் படிக்க நல்ல நாவல், சேர்ந்து படிக்க ஏற்றதன்று என்று தீர்மானம் ஆயிற்று. வெட்கம் மட்டுமே காரணம் இல்லை. அந்தப் பக்கங்களில் அவளைப் பார்க்கிறார்களே தவிர, அவள் என்ன நினைக்கிறாள் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. நினைப்பது தெரியாதவளைப் பற்றி ஒரு மணி நேரம் என்ன பேசுவது?

அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’ அடுத்து வந்தது. 1963இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நூல். இராஜேந்திர சோழர் காலம். கொடும்பாளூர் இளவரசன் இளங்கோவும், பகை நாடான ஈழத்து அரசகுமாரி ரோகிணியும் அன்பு கொள்கிறார்கள். நல்ல விவாதம் வரும். ஆனால் நூலகத்தில் இருப்பது ஒரே பிரதி, அதுவும் அட்டை போனது. அதை அடுத்த ஆண்டுக்கு விட்டு வைத்திருக்கிறோம்.

நா. பார்த்தசாரதியின் ‘ராணி மங்கம்மாள்’ வேண்டும் என்று சமூக அறிவியல் டீச்சர் சொன்னார்கள். மதுரையைப் பேரனுக்காக 1689 முதல் ஆண்ட அந்த அரசியின் காலம் நம் திருச்சபைக்கும் முக்கியமானது. அருளானந்தர் ஓரியூரில் மறைசாட்சியாக இறந்தது 1693இல் அல்லவா? மதுரை நாயக்கர் வரலாற்றை எழுதியவர்களுக்கு அக்காலத்து இயேசு சபைக் குருக்கள் எழுதிய கடிதங்கள் முக்கிய ஆதாரம் என்று டீச்சர் விளக்கியபோது வியப்பாக இருந்தது. எனினும் வாக்கெடுப்பில் மங்கம்மாள் தோற்றுப் போனார். ஆட்சிக் கதையைவிட மனக் கதையே எங்களில் பெரும்பாலோருக்கு வேண்டியிருந்தது.

கடைசியில் ‘பார்த்திபன் கனவு’ வென்றது. கல்கி இதழ் 1941இல் தொடங்கியதும் அதில் வெளிவந்த முதல் சரித்திரக் கதை இதுவே. அத்தியாயங்கள் சிறியவை; ஒரே புத்தகம்; நான்கு பிரதிகள் இருந்தன, பெற்றோர் இருவர் இரண்டு வாங்கிக் கொடுத்தார்கள். உறையூர்ப் பார்த்திப மன்னன் போரில் இறக்க, அவன் மகன் விக்கிரமன் சங்கிலியுடன் இழுத்துச் செல்லப்படும்போது பல்லவச் சக்கரவர்த்தியின் மகள் குந்தவி அவனைப் பார்க்கிறாள். தந்தையின் கனவா, பகைவன் மகளா என்பதே அவன் முன் நிற்கும் கேள்வி. (‘பொன்னியின் செல்வ’னில் வரும் குந்தவை வேறு, இந்தக் குந்தவி வேறு, இருவருக்கும் நடுவில் முந்நூறு ஆண்டுக்கு மேல். இது தெரியாமல் ஒருத்தி வந்தியத்தேவன் எப்போது வருவான் என்று பாதிக் கதை வரை காத்திருந்தாள்!) சிவனடியார் யார் என்பதை மட்டும் முன்பே படித்தவர்கள் சொல்லக்கூடாது என்று சிஸ்டர் முன்னிலையில் சத்தியம் வாங்கினோம். இந்த முறை ஒருவரும் மீறவில்லை.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். சரித்திர நாவலைப் படிக்கிறவர்கள் எது சரித்திரம், எது கற்பனை என்று பிரித்துப் பார்க்காவிட்டால் தேர்வில் வந்தியத்தேவனின் குதிரையைப் பற்றி எழுதிவிடுவோம். எங்கள் குறிப்பேட்டில் பக்கத்தை இரண்டாக மடித்து, இடப்புறம் ‘கல்வெட்டில் உண்டு’, வலப்புறம் ‘ஆசிரியர் கற்பனை’ என எழுதிக்கொள்கிறோம். குந்தவையின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு கூறுகிறது, அவர் இடப்புறம். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் உடைமையைப் பறித்த செய்தி உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. ரவிதாசன் பெயர் அதிலேயே உண்டு. நந்தினியும் பூங்குழலியும் வலப்புறம். விக்கிரமனும் அவன் தந்தையும் வலப்புறம்தான். பெண்களின் பெயர்களில் பெரும்பாலானவை வலப்புறத்தில் சேர்ந்துவிட்டதைப் பார்த்து நாங்கள் சற்று நேரம் பேசாமல் இருந்தோம்.

‘பார்த்திபன் கனவு’ அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே முடிந்துவிட்டது. துணிச்சல் வந்து ‘சிவகாமியின் சபதம்’ எடுத்தோம். நான்கு பாகம் என்றாலும், இம்முறை இருவருக்கு ஒரு பிரதி என்று வைத்து, விடுதி மாணவியர் இரவுப் படிப்பு முடிந்த பின் உரக்க வாசித்து மற்றவர்கள் கேட்டார்கள். நரசிம்மவர்மர் வாதாபியை வென்றது 642இல். பரஞ்சோதி பெரியபுராணத்தில் சிறுத்தொண்டராக வருபவர். சிற்பி ஆயனரும் அவர் மகள் சிவகாமியும் கற்பனை. வாதாபியில் சிறைப்பட்ட சிவகாமி, அந்த நகரம் எரிந்த பிறகே வெளியேறுவேன் என்று சபதம் செய்கிறாள். மாமல்லர் ரகசியமாக வந்து அழைத்தும் போகவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து அவர் படையுடன் வரும்போது பாண்டிய இளவரசியை மணந்திருக்கிறார்.

அந்த வார விவாதம்தான் எங்கள் வட்டத்திலேயே சிறந்தது. “கூப்பிட்டபோது போயிருக்கலாமே, பிடிவாதம்தானே அவளைக் கெடுத்தது?” என்று பத்துப் பேரும் சிவகாமியைக் குறை சொன்னோம். வழக்கமாக வாய் திறக்காத விடுதித் தோழி ஒருத்தி, “அவள் செய்த சபதத்தைத் தப்பு என்கிறீர்கள். அவர் கொடுத்த வாக்கைப் பற்றி ஏன் யாரும் கேட்கவில்லை?” என்றாள். நாங்கள் திகைத்துப் போனோம். மறுபடி முதலிலிருந்து பேச வேண்டியதாயிற்று. மணி அடித்தது கூடக் கேட்கவில்லை.

கதையின் முடிவில் சிவகாமி ஏகாம்பரநாதரையே தன் நாயகராக ஏற்றுக்கொண்டு சந்நிதியில் ஆடுகிறாள். அதைப் படித்ததும் ஒருத்தி யோசிக்காமல், “இது சிஸ்டர்கள் மாதிரி அல்லவா?” என்று கேட்டுவிட்டாள். எங்களுக்குப் பயமாகிவிட்டது. சிஸ்டர் கோபிக்கவில்லை. இறுதி வார்த்தைப்பாட்டின்போது அணிந்த மோதிரத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “அவள் வேறு வழியில்லாமல் அங்கே போனாள். நான் அப்படி வரவில்லை, பிள்ளைகளே. எனக்கு வழிகள் இருந்தன” என்றார். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் அவருடன் பேச அதுவரை இருந்த தயக்கம் அன்றோடு போயிற்று.

நிறுத்தப்பட்ட தோழியின் செய்தியைச் சொல்ல மறந்தோம். ஜூலை மாதப் பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அப்பா வந்தபோது, சிஸ்டர் ‘பார்த்திபன் கனவு’ பிரதி ஒன்றைக் கொடுத்து, “முதலில் நீங்கள் படித்துப் பாருங்கள். வேண்டாம் என்று தோன்றினால் நாங்களும் அதை விட்டுவிடுகிறோம்” என்றார். அவர் ஒன்றும் சொல்லாமல் பையில் போட்டுக்கொண்டு போனார். இரண்டு வாரம் கழித்து அவள் தானே புத்தகத்தைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் உட்கார்ந்தாள். இப்போது ‘சிவகாமியின் சபத’த்தில் அவள் வீட்டுக்குப் போகும் பிரதி மட்டும் வாராவாரம் தாமதமாகத் திரும்புகிறது. அபராதமும் கட்டிவிடுகிறாள். மூன்றாம் பாகத்தை அவள் அப்பா இன்னும் முடிக்கவில்லையாம்.