தெருவை விட்டு மேலேறிய ரயில்

நியூயார்க்கில், மன்ஹாட்டனின் மேற்குக் கரையோரம் ஓடும் பத்தாம், பதினொன்றாம் அவென்யூக்களை ஒரு காலத்தில் ஊரார் ‘மரண அவென்யூ’ என்றே அழைத்தார்கள். 1840களின் இறுதியில் அங்கே நட்டநடுத் தெருவில் தண்டவாளம் போட்டார்கள். தெருவுக்கும் தடத்துக்கும் நடுவே வேலி இல்லை. இறைச்சியும் பாலும் ஏற்றிய சரக்கு ரயில்கள், குதிரைவண்டிகளுக்கும் விளையாடும் பிள்ளைகளுக்கும் நடுவே புகுந்து போயின. பல ஆண்டுகளில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

ரயிலின் இயல்பே அப்படி. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனால்தான் ஒரே இன்ஜின் நீண்ட வரிசையாய்ப் பெட்டிகளை இழுக்கிறது. அதனாலேயே பிரேக் போட்டதும் சட்டென்று நிற்க மாட்டாமல் தவிக்கிறது. விலகிப் போகவும் அதற்கு வழியில்லை.

நகராட்சி முதலில் நம்பியது எச்சரிக்கையை. ரயிலுக்கு முன்னால் ஒருவர் குதிரையில் போக வேண்டும்; பகலில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு. ‘வெஸ்ட் சைடு கவ்பாய்’ என்ற இந்தக் குதிரைவீரர்கள் இருந்தும் சாவு நிற்கவில்லை. 1908இல் ஒரு சிறுவன் ரயிலில் அடிபட்டு இறந்தபின், சுமார் 500 பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். பிள்ளைகளே தெருவில் இறங்கிக் கேட்டும், ரயிலைத் தெருவிலிருந்து அகற்றும் ஒப்பந்தம் கையெழுத்தாக மேலும் 20 ஆண்டுக்கு மேல் ஆனது. இதை மன்னிக்கவே முடியாது.

1929இல் நகரமும் மாநிலமும் நியூயார்க் சென்ட்ரல் ரயில் கம்பெனியும் உடன்பட்டன. 13 மைல் நீளத்தில் 105 லெவல் கிராசிங்குகளை ஒழிப்பது திட்டம். வடக்கே ஹட்சன் ஆற்றோரத் தடத்துக்குக் கூரை போட்டு, அதன்மேல் ரிவர்சைடு பூங்காவை விரித்தார்கள். தெற்கே 1934இல் ‘ஹை லைன்’ என்ற உயர்பாதை திறந்தது.

அதன் வடிவமைப்புதான் எனக்கு மிகவும் பிடித்தது. அவென்யூவுக்கு மேலேயே பாலம் போட்டிருந்தால் கீழே தெரு முழுக்க இருண்டிருக்கும். ஆகவே பாதையைத் தள்ளிக் கட்டடங்களுக்கு ஊடே கொண்டுபோனார்கள். நேஷனல் பிஸ்கட் கம்பெனி போன்ற ஆலைகளின் மேல்மாடிக்குள்ளேயே ரயில் நுழைந்தது. சரக்கைத் தெருவுக்கு இறக்காமலே ஏற்றி இறக்க முடிந்தது. தெருவில் மிஞ்சியிருந்த தடத்தில் கடைசிக் குதிரைவீரர் போனது 1941இல்.

பிறகு சரக்கு லாரிகளுக்கு மாறியது. 1980இல் ஹை லைனில் ரயில் நின்றது. 2009 முதல் அது பகுதி பகுதியாகப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பாரம் ஏற்றிய சரக்கு ரயில்களைத் தாங்கக் கட்டிய எஃகுச் சட்டகம்தான் இப்போது மண்ணையும் மரங்களையும் மக்கள் கூட்டத்தையும் தாங்குகிறது.