ஞாயிறு பக்கத்திலிருந்து நாவலுக்கு

மலேசியத் தமிழ் எழுத்தாளர்களிடம் சிறுகதை ஏன் இவ்வளவு, நாவல் ஏன் இவ்வளவு குறைவு என்று தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் கேட்பதுண்டு. நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். ஈப்போவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். சிறுகதைத் தொகுப்புகள் போட்டிருக்கிறேன். இப்போது முதல் நாவலோடு மல்லுக்கட்டுகிறேன். அதனால் இந்தக் கேள்வி என் சொந்தக் கேள்வியும்கூட.

எங்களுக்குக் கதை எழுதச் சொல்லிக்கொடுத்ததே செய்தித்தாள்தான். 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 1950, 51இல் 'கதை வகுப்பு' நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதற்கு ஆசான்கள். 1952இல் கு. அழகிரிசாமி அதே நாளிதழில் பணியாற்ற வந்தார். 1957 வரை இருந்தார், எழுத்தாளர்களைக் கூட்டிவைத்து இலக்கியம் பேசினார். பிற்பாடு நல்ல சிறுகதைக்கு ஒரு பவுன் தங்கம் என்று பரிசுத் திட்டமே வந்தது. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு ஞாயிறு பதிப்புதான் பத்திரிகை, நூலகம், பள்ளிக்கூடம் எல்லாம். அந்தப் பக்கத்தில் அடங்கும் அளவுக்கு எழுதி எழுதிப் பக்கத்தின் அளவே எங்கள் கையின் அளவாகிவிட்டது. 2019 தொடக்கத்தில் 'தமிழ் நேசன்' நின்றுபோனது. அந்த அளவு மட்டும் எங்கள் கையில் தங்கிவிட்டது.

அது எனக்கு எங்கே இடித்தது என்று சொல்கிறேன். என் பழைய கதை ஒன்றில், தோட்டம் கைமாறி, அடுக்குமாடி வீட்டுக்குப் போகவேண்டிய குடும்பம் மாட்டை விற்கிறது. மாடு லாரியில் ஏறுகிறது, கிழவி வெறும் தொழுவத்தைக் கூட்டுகிறாள், கதை முடிகிறது. சிறுகதைக்கு அது போதும். அதே குடும்பத்தை நாவலுக்குள் கூட்டிவந்தபோது, மாடு விற்ற பணம் யார் கைக்குப் போனது என்று தெரிந்தே ஆகவேண்டியிருந்தது. மூத்தவன் மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம் கட்டினானா? லயத்திலிருந்து, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு நடந்தே போனவனுக்கு, ஈப்போ தொழிற்சாலைக்குப் போக வண்டி இல்லாமல் முடியாது. பால் விற்ற காசில்தான் தங்கை இடைநிலைப்பள்ளிக்கு பஸ்ஸில் போய்வந்தாள். இனி அவள் படிப்பு? அப்பன் நஷ்டஈட்டுக்குக் கையெழுத்துப் போட்டானா, தொழிற்சங்கத்தோடு நின்றானா? விடியுமுன் எழுந்தே பழகிய கிழவி நான்காவது மாடியில் அந்த நேரத்தில் என்ன செய்வாள்? லயத்து வீடு கம்பெனியுடையது. வேலை போனால் வீடு போகும், கோயில் போகும், ஆயாக்கொட்டகையும் பால்மரக் காட்டு வழியும் போகும். இத்தனையும் ஒரே நாளில் போவதில்லை, ஒவ்வொன்றாகப் போகிறது. அந்த மெதுவான இழப்பைக் காட்டப் பக்கங்கள் வேண்டும், ஆண்டுகள் வேண்டும். நான் நாவலுக்கு வந்த காரணம் இதுதான்.

எங்கள் பேராக் மாநிலத்தில் நாவலுக்குச் சரக்கு இல்லாமல் இல்லை. 1877இல் கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகளை நட்டார்கள். அவற்றில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுடப்பட்டார்கள். நாட்டில் அவசரகாலம் வந்தது. முள்கம்பிக்குள் அடைத்த லயத்தையும் அளந்து கொடுத்த அரிசியையும் பற்றி என் பாட்டி சாகும்வரை பேசினார். விடுதலைக்குப் பிறகு தோட்டத் துண்டாடல் வந்தது, பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள். தொழிலாளர்களிடம் சிறுகச்சிறுகப் பங்குப்பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்க, சுங்கை சிப்புட்காரரான வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். அந்தப் பத்தாண்டின் கடைசியில் குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களிடம் வேலை செய்ய அரசு பெர்மிட் கேட்டது. பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். என் மாமா குடும்பம் 'ரஜுலா'வில் போனது. பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அவ்வளவு கைகள் வேண்டியதில்லை.

எழுதியவர்கள் இல்லாமலும் இல்லை. ஜப்பானியர் காலத்துச் சயாம் ரயில்பாதைச் சாவுகளை ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயி'லில் எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்ன'த்தில் எழுதினார், கோ. புண்ணியவான் 'கையறு'வில் எழுதினார். மூவர் எழுதியும் அந்தத் துயரம் மிச்சமிருக்கிறது. ம. நவீனின் 'பேய்ச்சி' கெடா லூனாசின் விஷச்சாராயச் சாவுகளைத் தொட்டது. 2020இல் அரசு அதைத் தடைசெய்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். எங்கள் ஈப்போவில் வளர்ந்த பிரீத்தா சமரசன், இந்த ஊரிலேயே நடக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக் கதையை 2008இல் ஆங்கில நாவலாக்கினார். அதன் தலைப்பு ஏ. கே. ராமானுஜன் மொழிபெயர்த்த குறுந்தொகைப் பாட்டிலிருந்து வந்தது. அதைப் படித்து முடித்தபோது பெருமையாக இருந்தது. புந்தோங் தெருக்களும் கல்லுமலைக் கோயிலும் தமிழிலும் அவ்வளவு பெரிதாக எழுதப்பட வேண்டும் என்ற ஆசை அன்றைக்கே பிடித்துக்கொண்டது.

நான் எழுதுவது விடியற்காலையில். தோட்டத்துப் பழக்கம் அது. மற்ற நேரம் ஆள் தேடுவதில் போகிறது. தோட்டமே இல்லாத இடத்தில் மாரியம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கும். ஆண்டுத் திருவிழாவுக்குக் கிள்ளானிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் பழைய ஆள்கள் வந்துசேர்வார்கள். அங்கே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தால் போதும். நிரை எப்படிப் பிரித்தார்கள், மழை நாளில் கூலி இல்லாமல் எந்தக் கடையில் கடன் சொன்னார்கள், கட்டிப்பாலும் ஒட்டுப்பாலும் தனித்தனியாக எப்படி நிறுத்தார்கள், எல்லாம் வரும். மரம் சீவிய பெண்கள் சொல்வதை எந்த ஆவணத்திலும் நான் பார்த்ததில்லை. நான்கு மணிக்குத் தூங்கும் பிள்ளையைத் தூக்கி ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, இருட்டில் மரத்தடிக்குப் போனவர்கள் அவர்கள்.

எழுதி முடித்தாலும் விற்பது எழுத்தாளர் பாடுதான். அச்சுக்கூலி சொந்தப் பணம். மண்டபத்தில் வெளியீட்டு விழா வைத்து, ஒரு பிரமுகரை முதல் பிரதி வாங்க அழைத்து, வந்தவர்கள் உறையில் வைக்கும் தொகையில் கடனை அடைத்து, மீதிப் புத்தகங்களைக் காரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகவேண்டும். சிறுகதைத் தொகுப்புக்கே இதுதான் நிலை. கனமான நாவலுக்குச் செலவு இன்னும் கூடும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இப்போது துண்டாடல் அத்தியாயத்தில் நிற்கிறேன். அந்தக் காலத்துச் சம்பளச் சீட்டு ஒன்றாவது கையில் கிடைத்தால், என் நாவலின் அப்பன் மாதக் கடைசியில் வீட்டுக்கு எவ்வளவு கொண்டுவந்தான் என்று துணிந்து எழுதுவேன். ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கத்து வாசகர்கள், தாத்தாவின் தகரப்பெட்டியில் அப்படி ஒன்று இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வரும் தைப்பூசத்தன்று கல்லுமலை அடிவாரத்தில்தான் இருப்பேன்.