நெருப்புக் காய்ச்சலும் மருந்துக்கு அடங்காக் கிருமியும்

நெருப்புக் காய்ச்சல் என நம்மவர் வழங்கும் தைபொயிட்டு நோய், மாசுற்ற நீராலும் உணவாலும் பரவுங் கிருமியால் உண்டாவது. குளோரம்பெனிக்கோல் என்னும் மருந்து இந்நோயைத் தீர்க்கும் என்பதை 1948 ஆம் ஆண்டில் மலாயாவிலே கண்டனர். வாரக்கணக்காய் வாட்டிய காய்ச்சல் சில நாளில் தணிந்தது.

ஆயின், அவ்வெற்றி நிலைக்கவில்லை. 1972 இல் மெக்சிக்கோவில் அம்மருந்துக்கு அடங்காத கிருமி ஆயிரக்கணக்கானோரைப் பற்றியது. 1980களின் இறுதியில் அம்பிசிலின், கோட்ரைமொக்சசோல் என்பனவும் ஆசிய நாடுகள் பலவற்றிற் பயனிழந்தன. பின்வந்த சிப்புரோபுளொக்சசினும் வலிகுன்றியது. 2016 இல் பாக்கிஸ்தானின் சிந்து மாகாணத்தில் தோன்றிய கிருமியோ ஊசிமருந்தாகிய செப்ட்ரையக்சோனையும் வென்றது.

கிருமி இவ்வல்லமையை எங்ஙனம் பெற்றது? மருந்துபடுங்கால் மெலிந்தவை மடியும்; தற்செயல் மாற்றத்தால் தாங்குந் திறனுற்றவை எஞ்சிப் பெருகும். அன்றியும், பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபணு வளையத்தை ஒரு கிருமி மற்றொன்றுக்கு ஈதலும் உண்டு. சிந்துக் கிருமி செப்ட்ரையக்சோனை எதிர்க்குந் திறனைப் பெற்றது இவ்வழியிலேயாம். மாறாக, குளோரம்பெனிக்கோலின் வழக்குக் குறைந்த நாடுகள் சிலவற்றில் அதற்கு அடங்குங் கிருமிகள் மீண்டும் மிகுந்தன. எனவே, கிருமியின் வலிமை நாம் மருந்தை வழங்கும் முறையையும் பொறுத்ததாகும்.

பாக்கிஸ்தான் 2019 இல் தன் சிறார்க்குப் புதிய தடுப்பூசியை வழங்கத் தொடங்கிற்று. மாணவர்காள்! வைத்தியர் விதியாத மருந்தை உண்ணற்க. விதித்ததை இடையில் விடற்க. நீரைக் கொதிக்கவைத்துப் பருகுக. மருந்துகள் பலவற்றை வென்ற இக்கிருமி, கொதிநீரை வெல்ல இன்னுங் கற்றதில்லை.